உத்தேசமாக ஒரு வருமானம்

மகன்,

கடைக் கல்லாவில் நின்றுகொண்டு எழுதுகிறேன். நடுவில் யாராவது பாலும் பேப்பரும் வாங்க வந்தால் வசனம் அறுந்துபோகும், பொறுத்துக்கொள். வீட்டில் இருந்து எழுதினால் அப்பா "ஆருக்கு எழுதுறீர்?" என்று கேட்பார், நான் பொய் சொல்ல வேண்டிவரும். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் இரண்டு வசனம் சொல்லி முடிப்பதற்குள் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். அந்த ஓமின் பெறுமதி எனக்குத் தெரியும். நீ பதின்மூன்று வயது வரைக்கும் ஊரில் படித்தவன், என் எழுத்து உனக்கு விளங்கும். தங்கச்சியிடம் இதைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டி இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவளுக்குத் தலையிடி வந்துவிடும். ஆகவே இது உனக்கு மட்டும் எழுதுவது.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி உன்னோடு போனில் கதைத்தாள் அல்லவா? யூனிவர்சிட்டிக்கு இடம் கிடைத்த சந்தோசத்தில் கதைத்தாள். படிப்புச் செலவுக்கு உதவி கேட்கக் கவுன்சிலில் இருந்து வந்த படிவத்தை எப்படி நிரப்புவது என்று உன்னிடம் கேட்டாள். நீ உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய். அவள் கள்ளமில்லாத பிள்ளை, சொன்னதை அப்படியே கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். "அண்ணா சொல்லுறார், அப்பாட்டைக் கணக்குக் கேக்க வேண்டாமாம். அப்பா உண்மைக் கணக்கை ஒருநாளும் காட்டமாட்டாராம். வருமானம் சொல்ல விருப்பமில்லை எண்டு ஒரு பெட்டி இருக்காம், அதிலை புள்ளடி போட்டிட்டு அனுப்பட்டாம்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பகிடி என்றுதான் நினைத்தாள்.

அப்பா சோற்றைக் குழைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துவாயில் துடைத்துவிட்டு, "அண்ணா சொல்லுறது சரி. புள்ளடியைப் போடு பிள்ளை," என்றார். அவ்வளவுதான். நான் பிறகு அறைக்குள் போய்ச் சண்டை பிடித்தேன். புள்ளடி போட்டால் ஒரு சதமும் வராது, இந்த வருடம் சட்டம் மாறிப் படிப்புக் கட்டணமும் நாங்கள்தான் கட்ட வேண்டும், எங்கே இருந்து கட்டுவீர்கள் என்று கேட்டேன். மனுசன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். போன வியாழக்கிழமைதான் எனக்குச் செய்தி தெரிய வந்தது. அப்டன் பார்க்கில் அந்தப் பழைய பெற்றோல் ஸ்டேசனுக்குப் போய், இரவு ஷிப்ட் திரும்பவும் தருவீர்களா என்று கேட்டிருக்கிறார். ஐம்பத்தொன்பது வயதில். சுகர் வருத்தத்தோடு, படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்து நின்று மூச்சு விடுகிற முழங்காலோடு. அவர்களும் தருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். புரட்டாதியில் இருந்து வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு ஆத்திரம் வரும். எனக்கும் ஆத்திரம்தான். உன்மேலும் ஆத்திரம், அந்த மனுசன்மேலும் ஆத்திரம். முழுவதையும் வாசித்துவிட்டுக் கோபப்படு.

'திரும்பவும்' என்று மேலே எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? நீ படிக்கிற காலத்தில் அந்தப் பெற்றோல் ஸ்டேசனில் அப்பாவுக்குப் பங்கு இருந்தது என்றுதான் நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். பங்கு! அங்கே அவருக்கு இருந்தது ஒரு கதிரையும் ஒரு கண்ணாடிப் பெட்டியும் மட்டும்தான். இரவு பத்து மணிக்கு ஏறினால் விடிய ஆறுக்கு இறங்கி நேரே கடைக்கு வந்து பேப்பர்க் கட்டுகளை அவிழ்ப்பார். நீ படித்த மூன்று வருடமும் அதுதான் அவருடைய வாழ்க்கை. உனக்கு அது ஏன் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டுமென்றால் தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக்குப் போக வேண்டும். அதற்கு முன்னர், நாங்கள் இந்த நாட்டுக்கு வருவதற்கு முந்திய ஒரு விசாரணை அறைக்கும் போக வேண்டும். ஆனால் முதலில் உனக்குத் தெரிந்த பக்கத்தில் இருந்து தொடங்குகிறேன்.

உனக்கு இடம் கிடைத்த அந்த வசந்தத்தில் கவுன்சிலில் இருந்து கிராண்ட் படிவம் வந்தது. அப்போது நல்ல காலம், படிப்புக் கட்டணத்தைக் கவுன்சிலே கட்டும், பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துச் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் காசு தரும். சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆட்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. வருடமுடிவில் வேலை இடத்தில் கொடுக்கிற துண்டைப் பார்த்து எழுதினால் சரி. எங்களைப் போல் கடை வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு முடிந்தால்தானே வருமானம் தெரியும்? எங்கள் கணக்கோ குட்மேய்ஸில் இருக்கிற கணக்கர் அண்ணையின் முன்னறையில் பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. உனக்குத் தெரியும் அவரை. பாதித் தமிழ்க் கடைகளின் வரிக் கணக்கு அவரிடம்தான், எல்லாருக்கும் "அடுத்த கிழமை" என்பார். அந்த அடுத்த கிழமை ஐப்பசியிலும் வரும், தையிலும் வரும்.

படிவத்தை அனுப்பக் கடைசி நாள் மே மாத முடிவு. நீதான் படிவத்தை வாசித்து எங்களுக்குச் சொன்னாய். "அப்பா, கணக்கு முடியேல்லை எண்டால் உத்தேசமா ஒரு தொகை எழுதலாமாம். பிறகு கணக்கு வந்தாப் பிறகு மாத்துவினமாம்." அப்பா பால்ப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு நின்றார். திரும்பாமலே, "நான் உத்தேசம் எழுதமாட்டன்," என்றார். நீ திரும்பவும் விளக்கினாய். அவர் திரும்பவும் அதையே சொன்னார். நீ, ஆசிரியர்களிடம் கேட்டேன், எல்லா வியாபாரிகளும் அப்படித்தான் எழுதுகிறார்களாம் என்றாய். "எல்லாரும் எழுதட்டும். கணக்கு முடியட்டும், எழுதுவம்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருந்த இருப்பை நீ மறந்திருக்க மாட்டாய். படிவம் பிரிட்ஜுக்கு மேல் கிடந்தது. ஒருவரும் அதைத் தொடுவதும் இல்லை, அதைப் பார்க்காமல் போவதும் இல்லை. நீ பள்ளியால் வந்ததும் முதலில் அதைப் பார்ப்பாய், பிறகு என்னைப் பார்ப்பாய். நான் குட்மேய்ஸ் அண்ணைக்குப் போன் எடுத்து எடுத்து அவருடைய மனுசிக்கே என்மேல் அலுப்பு வந்துவிட்டது. அப்பா காலையில் தபால்காரன் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்பார். நீ, குட்மேய்ஸில் இருந்து கணக்கு வருகிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தாய். அவர் பார்த்துக்கொண்டிருந்தது வேறு. எங்கள் விசாவைப் புதுப்பிக்க எல்லாப் பத்திரங்களையும் அனுப்பியிருந்த நேரம் அது. மாதக்கணக்காகப் பதில் இல்லை. அதை உங்கள் இரண்டு பேருக்கும் சொல்ல வேண்டாம், சோதனை எழுதுகிற பிள்ளை என்று சொல்லிவிட்டார். நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

மே மாதக் கடைசிக் கிழமையில் நீ வெடித்தாய். கடைக்குள், ஆட்கள் நிற்க நிற்க. "நான் போகேல்லை. யூனிவர்சிட்டியும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். கடையிலை நிக்கிறன். உங்களுக்கு அதுதானே வேணும்?" என்று சொல்லி, கையில் இருந்த பெட்டியை நிலத்தில் போட்டாய். இரண்டு போத்தல் உடைந்து பால் வாசல் வரைக்கும் ஓடியது. அப்பா உன்னை அடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டுவந்து குனிந்து கூட்டினார். நீ மேலே ஏறிப் போய்விட்டாய். உடைந்த துண்டுகளை அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கியதை நீ காணவில்லை, நான் கண்டேன்.

இனி உனக்குத் தெரியாத பக்கம். எண்பத்தைந்தில் அப்பா எங்களை விட்டுவிட்டுத் தனியே இங்கு வந்தபோது உனக்குப் பத்து வயது. அவரை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்தது உனக்குத் தெரியும். அங்கே ஒரு அறைக்குள் எத்தனை பேரை அடைத்து வைத்திருந்தார்கள் என்று இங்கே இமிக்ரேஷன் அதிகாரி கேட்டிருக்கிறார். அப்பா, "ஒரு இருபது பேர் இருக்கும்," என்று சொல்லியிருக்கிறார். நாங்கள் கதைக்கிற விதம் அதுதானே? சாவீட்டுக்கு எத்தனை பேர் வந்தது என்று கேட்டாலும் "ஒரு நூறு பேர்" என்போம். அதிகாரி இருபது என்று எழுதினார். 'ஒரு', 'இருக்கும்' என்பவற்றை எழுதவில்லை.

சில மாதம் கழித்து அவருடைய சொலிசிட்டர் விவரமாக ஒரு வாக்குமூலம் எழுதித் தரச் சொன்னார். அப்பாவின் குணம் உனக்குத் தெரியும், ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்வார். ஒரு கிழமையாக இருந்து யோசித்திருக்கிறார். சுவரோடு இருந்தவர்கள், கதவடியில் இருந்தவர்கள், இரவில் அழுதவன், தண்ணீர் கேட்டவன் என்று ஒவ்வொரு முகமாக ஞாபகப்படுத்தி, பெயர் தெரிந்தவர்களின் பெயரும் தெரியாதவர்களின் அடையாளமும் எழுதியிருக்கிறார். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தால் முப்பத்தொரு பேர். சந்தோசமாகக் கொண்டுபோய்க் கொடுத்தாராம், இவ்வளவும் ஞாபகம் வந்துவிட்டதே என்று.

இந்த நாட்டில் இருக்க அனுமதி தர மறுத்துவிட்டார்கள். முதலில் இருபது என்றார், இப்போது முப்பத்தொன்று என்கிறார், ஆகவே இவர் சொல்வதை நம்ப முடியாது என்று எழுதியிருந்தார்களாம். அதற்கு மேல் வழக்குப் பேசி, ஆள் மாற்றி ஆள் பிடித்து, எங்களைக் கூப்பிடுவதற்கு மூன்று வருடம் போனது. உனக்குப் பத்து வயதில் விட்டுவிட்டுப் போனவர் பதின்மூன்று வயதில்தான் உன்னைக் கண்டார். விமான நிலையத்தில் நீ அவருக்குக் கை கொடுத்தாய். கட்டிப் பிடிக்கவில்லை. அதை அவர் ஒருமுறை என்னிடம் சொல்லி அழுதார். 'ஒரு இருபது பேர்' என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் பிள்ளை என்னைக் கட்டிப் பிடித்திருப்பான் என்று சொன்னார்.

அந்த மனுசனிடம்தான், உத்தேசமாக எழுதுங்கள், பிறகு மாற்றலாம் என்று நீ சொன்னாய். உன்னில் பிழை இல்லை. உனக்கு அது ஒரு பெட்டி. அவருக்கு அது யாரோ தோண்டி வைத்த கிடங்கு. கவுன்சில் வேறு, விசாக் கந்தோர் வேறு என்று நான் எத்தனை தரம் சொன்னேன். "உமக்கு விளங்காது. எல்லாரும் ஒரே மேசையிலை இருந்து தேத்தண்ணி குடிக்கிற ஆக்கள்," என்றார். எங்கள் பத்திரங்கள் அந்த மேசையில் கிடக்கிற நேரத்தில் இன்னொரு எண்ணை எழுதிக் கொடுத்துப் பிறகு மாற்றினால் குடும்பத்தோடு திருப்பி அனுப்புவார்கள் என்பதுதான் அவருடைய பயம். இதை அவர் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லமாட்டார். பிள்ளைக்கு முன்னால் பயந்தவனாக நிற்பதைவிடப் பிடிவாதக்காரனாக நிற்பது நல்லது என்று நினைத்த ஆள்.

பால் ஓடிய மறுநாள் வெள்ளிக்கிழமை, படிவத்துக்குக் கடைசி நாள். நீ கதவைப் பூட்டிக்கொண்டு மேலே கிடந்தாய். நான் காலை பதினொரு மணிக்குக் கடையைப் பூட்டினேன். அந்தக் கடை வாங்கிய நாளில் இருந்து பகலில் பூட்டியதில்லை. "என்னப்பா செய்யிறீர், ஆக்கள் வரப்போகினம்," என்று அவர் கத்தினார். "வரட்டும். வெளிக்கிடுங்கோ. கவுன்சிலுக்குப் போறம். என்ன கேக்கோணுமோ அவையிட்டையே நேரை கேளுங்கோ. இல்லையெண்டால் நான் இண்டைக்கு இந்தக் கதவைத் திறக்கமாட்டன்," என்றேன். எனக்கே என் குரலைக் கேட்கப் பயமாக இருந்தது. அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்.

கவுன்சிலில் ஒரு இளம் வெள்ளைக்காரப் பெட்டை இருந்தாள். தடிமன் பிடித்து மூக்குச் சிவந்திருந்தது, ஒவ்வொரு ஆளுக்கு இடையிலும் டிஷ்யூ எடுத்தாள். எங்கள் முறை வந்தது. அப்பா படிவத்தைக் கொடுக்கவில்லை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே தன் ஆங்கிலத்தில் கேட்டார். நான் இன்றைக்கு ஒரு தொகை சொல்லி நாளைக்கு வேறு தொகை வந்தால் என்ன செய்வீர்கள்? மாற்றிக்கொள்வோம் என்றாள். மாற்றினால் என் மகனை நிறுத்துவீர்களா? இல்லை. என்னைப் பொய்யன் என்று எழுதுவீர்களா? அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். தன் தகப்பனும் சொந்தத் தொழில் செய்கிறவர், அவருக்கும் வருமானம் எவ்வளவு என்று ஒருநாளும் தெரியாது, எல்லாரும் குத்துமதிப்பாகத்தான் எழுதுகிறார்கள் என்றாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பு எங்களைக் கெடுத்துவிட்டது. அப்பாவின் முகத்தில் அதைக் கண்டேன். முந்தி விசாரணை அறையிலும் அந்த இமிக்ரேஷன் அதிகாரி அவருக்குச் சிகரெட் நீட்டிச் சிரித்துக் கதைத்தாராம்.

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ ஒருவன் தொண்டையைச் செருமினான். அப்பா நின்றுகொண்டே இருந்தார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன். கோட்டுக்கு மேலாகவே சூடு தெரிந்தது. "எழுதுங்கோ. பிள்ளை மேலை கிடந்து அழுறான்," என்றேன். அவர் பேனையை எடுத்து, ஒரு தொகையை எழுதி, கையெழுத்துப் போட்டார். அவள் அதற்குப் பக்கத்தில் 'உத்தேசம், கணக்கு பின்னர் வரும்' என்று ஆங்கிலத்தில் எழுதி முத்திரை குத்தினாள். நான் அந்தத் தொகையை எட்டிப் பார்த்தேன். அது எங்கள் கடை அல்ல. அந்தத் தொகைக்கு எங்கள் கடை மாதிரி இரண்டு கடை வேண்டும்.

பஸ்சுக்கு நிற்கும்போது, ஏன் அவ்வளவு எழுதினீர்கள் என்று கேட்டேன். "கூடச் சொன்னவனை ஒருத்தரும் பிடிக்கமாட்டாங்கள். குறையச் சொன்னால்தான் கள்ளன்," என்றார். போகட்டும், கணக்கு வந்ததும் உண்மைத் தொகை தெரியும்தானே, மாற்றிக் கொடுக்கலாம் என்று நான் என்னைத் தேற்றிக்கொண்டேன். படிவம் போய்ச் சேர்ந்தது, அது போதும். அன்றைக்கு நீ கீழே இறங்கி வந்து மூன்று பேரின் சாப்பாட்டைச் சாப்பிட்டாய்.

ஐப்பசியில் கணக்கு வந்தது. நான் சொன்னதுதான், எழுதியதில் பாதி. கவுன்சில் கேட்டு எழுதியது, கணக்கை அனுப்புங்கள் என்று. நான் மகிழ்ந்துபோய், அனுப்புங்கோ, பிள்ளைக்குக் கூடக் காசு வரும் என்றேன். அவர் அனுப்பவில்லை. "ஒருக்கா ஒரு எண் சொல்லியாச்சு. இனி அதுதான்," என்றார். முதலில் இருபது, பிறகு முப்பத்தொன்று என்று சொல்லி மாட்டியதுபோல இன்னொரு தரம் மாட்டமாட்டாராம். கவுன்சில் இன்னொரு தரமும் கேட்டது. அந்தக் கடிதத்தையும் மடித்துக் கல்லாவுக்குள் வைத்தார். கணக்குத் தராத தகப்பன் என்று உன் சாப்பாட்டுக் காசை நிறுத்திவிட்டார்கள், படிப்புக் கட்டணம் மட்டும்தான் போனது. அந்த மாதமே அவர் அப்டன் பார்க்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். விசா பிறகு வந்துவிட்டது, ஒரு பிரச்சினையும் இல்லாமல். ஆனாலும் அவர் அடுத்த இரண்டு வருடமும் வருமானம் சொல்ல விருப்பமில்லை என்கிற அந்தப் பெட்டியில்தான் புள்ளடி போட்டார். முதல் வருடம் அவ்வளவு சொன்னவன் அடுத்த வருடம் குறைத்துச் சொன்னால் கேட்பார்களாம். நான் அவருக்குத் தெரியாமல் கணக்கை அனுப்பியிருக்கலாம். நானும் பயந்தேன். அவருடைய பயம் எனக்கும் ஒட்டிவிட்டது என்று வைத்துக்கொள்.

நீ அந்த மார்கழியில் முதல் நத்தார் விடுமுறைக்கு வந்தாய். கவுன்சில் காசு நின்ற காரணம் உனக்குத் தெரிந்திருந்தது. குசினியில் நின்று அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டாய், எவ்வளவு ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று. வரி கட்டாமல் காசு சேர்க்கிற கடைக்காரர்கள் பற்றி உன் நண்பர்கள் கதைக்கிறார்கள், எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றாய். நான் வாயெடுத்தேன். அப்பா என்னைக் கண்ணால் நிறுத்திவிட்டார். பிறகு, இது நடந்து ஐந்து வருடமாகியும் எனக்கு ஆறவில்லை, அவர் சிரித்தார். "ஓம், உன்ரை அப்பனிட்டைக் கனக்கக் கிடக்கு. பெற்றோல் ஸ்டேசனிலும் பங்கு கிடக்கு. நீ யோசிக்காமல் படி," என்றார். உனக்குப் பணக்காரத் தகப்பன் ஒருவன் இருக்கிறான் என்று நீ நினைத்துக்கொண்டு படிக்கட்டும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நீ அவரை வெறுத்தாய். அவர் அதையும் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு விடுமுறைக்கு நீ அதிகம் வரவில்லை.

உன் பட்டமளிப்பு நாளில் உன் பெயரைக் கூப்பிடும்போது அவர் நித்திரையாக இருந்தார். அதை நீ மன்னிக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். தங்கச்சியிடமும் சொல்லியிருக்கிறாய். விடிய ஆறு மணிக்கு வேலையால் வந்து, சேட்டு மாற்றி, கோச்சு ஏறி வந்த மனுசன். நான் அவருடைய தொடையில் கிள்ளினேன், எழும்பவில்லை. நீ மேடையில் இருந்து எங்களைப் பார்த்த பார்வை என் கண்ணுக்குள் இருக்கிறது. வெளியே வந்ததும் அவர் என்னிடம், "அவன் என்ன நிறத்திலை உடுப்புப் போட்டிருந்தவன்?" என்று கேட்டார். கறுப்பும் நீலமும் என்றேன். கேட்டு வைத்துக்கொண்டார், பிறகு யாரிடமோ தான் கண்டதுபோலச் சொல்ல.

இதை ஏன் அப்போதே எனக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். அவர் சொல்ல வேண்டாம் என்றார், நான் சொல்லவில்லை. கணவன் மனைவிக்குள் அப்படிச் சில வாக்குகள் இருக்கும், நீ கல்யாணம் முடித்தால் தெரியும். ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். உனக்கு மனைவி வந்து, அவளிடமும் பிள்ளைகளிடமும் உனக்குப் பயமாக இருக்கிற ஒரு விஷயம் வந்தால், பயமாக இருக்கிறது என்று வாய் திறந்து சொல்லு. சொல்லாமல் வீராப்பாக நின்றால் வீட்டில் உள்ளவர்கள் தங்களுக்குத் தெரிந்த காரணத்தை வைத்துக்கொள்வார்கள். நீ அப்படித்தான் வைத்துக்கொண்டாய். அந்தக் காரணத்தைத்தான் இரண்டு கிழமைக்கு முன்னர் தங்கச்சிக்கும் கொடுத்தாய்.

இப்போது நிலைமை இதுதான். தங்கச்சியின் படிவத்துக்கு இந்த மாத முடிவு கடைசி நாள். குட்மேய்ஸ் அண்ணையிடம் நேற்றுப் போன் எடுத்தேன். என்ன சொன்னார் என்று உனக்கே தெரியும், அடுத்த கிழமையாம். படிவம் அதே பிரிட்ஜுக்கு மேல் கிடக்கிறது. அவள் இன்னும் புள்ளடி போடவில்லை, நான்தான் பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் சொன்னால் அவர் கேட்கமாட்டார், என்னையும் தன்னோடு சேர்ந்து பயந்தவள் என்றுதான் கணக்கு. தங்கச்சி சின்னப் பிள்ளை. உன் வாயால் வந்தால்தான் அவருக்கு ஏறும். ஏனென்றால் உன் வாயால்தான் அவர் கள்ளன் ஆனார்.

வருகிற ஞாயிறு வா. முதல் கோச்சில் ஏறு. கிறீன் ஸ்ட்ரீட்டில் நண்டு வாங்கி வைக்கிறேன், அதைச் சாட்டாக வைத்துக்கொள். நான் எழுதியதைப் பற்றி எடுத்தவுடனே கதைக்காதே, அவர் எழும்பிக் கடைக்குப் போய்விடுவார். மன்னிப்பும் கேட்காதே, அது அவருக்கு இன்னும் வெட்கம். சாப்பிட்டு முடிந்ததும் படிவத்தை நீயே இறக்கி எடுத்து, அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இரு. பேனையை நீ பிடி. உத்தேசம் என்று எழுதுவோம் அப்பா, கணக்கு வந்ததும் நானே லீவு போட்டுவிட்டு வந்து உங்களோடு கவுன்சிலுக்கு வாறன், உங்கள் கண் முன்னாலே மாற்றிக் கொடுப்போம் என்று சொல்லு. சொன்னபடி வா. எண்ணை மாற்றிச் சொன்ன பிறகும் தன்னை ஒருவரும் ஒன்றும் செய்யவில்லை என்பதை அந்த மனுசன் சாவதற்கு முன்னர் ஒருதரம் கண்ணால் காண வேண்டும்.

பெற்றோல் ஸ்டேசனுக்கு நான் போன் எடுத்து, வரமாட்டார் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு இன்னும் தெரியாது. ஆகவே நீ வராவிட்டால் நான் அகப்பட்டேன்.

வருமானம் எவ்வளவு அப்பா என்று நீ கேட்கும்போது அவர் படிவத்தைப் பார்க்கமாட்டார், உன் முகத்தைப் பார்ப்பார். கன நேரம் பார்ப்பார், அவசரப்படுத்தாதே. பிறகு "ஒரு…" என்று தொடங்கி ஒரு தொகை சொல்வார். வடிவாகத் தெரியுமா என்று கேட்காதே. போன வருடம் எவ்வளவு என்று கேட்காதே. "சரி அப்பா" என்று சொல்லி எழுது. அந்த அறைக்குள் இருந்த முப்பத்தொரு பேரையும் எண்ணிச் சொன்ன நாளில் இருந்து, அவர் சொன்ன ஒரு எண்ணை ஒருவரும் அப்படி எழுதியதில்லை.

அம்மா